ஏழு மாதமாக உட்காருகிறேன், ஜெபம் வரவில்லை. தொடர்வதா, விடுவதா?

காலைப்பனி எழுதியது:

ஏழு மாதங்களுக்கு முன்பு, நாள்தோறும் காலையில் வேலையைத் தொடங்குமுன் இருபது நிமிடம் ஜெபிப்பது என்று தீர்மானித்தேன். அதற்கு முன்பும் ஜெபிக்காதவன் அல்லன். ஆனால் தேவை வந்தால் ஜெபம் வரும், தேவை தீர்ந்தால் ஜெபமும் நின்றுவிடும் என்ற அளவில்தான் இருந்தது. தொடக்கத்தில் சில வாரங்கள் மனத்தில் ஒரு குளிர்ச்சி இருந்தது. வேத வாசிப்பு, துதி, பாவ அறிக்கை, பிறருக்கான வேண்டுதல் என்று நேரம் போனதே தெரியாது.

இப்போது நிலைமை வேறு. நேற்று முழங்கால்படியிட்டு, "பரலோகப் பிதாவே" என்று தொடங்கினேன். மீண்டும் சுயநினைவு வந்தபோது, அலுவலகத்தில் ஒருவருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மூன்றாம் பத்தியை மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் பதினொரு நிமிடம் போயிருந்தது. அந்தக் கடிதமோ ஒரு மனத்தாங்கலைப் பற்றியது. ஆகவே தேவசமுகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதரைச் சொல்லால் எப்படிக் குத்துவது என்று யோசித்திருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். "தங்கள் உதடுகளினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், அவர்கள் இருதயமோ எனக்குத் தூரமாய் விலகியிருக்கிறது" என்று ஆண்டவர் எடுத்துச் சொன்ன வசனம் என்னைத்தான் சுட்டுகிறதா? விருப்பம் இல்லாதபோதும் நேரம் வந்துவிட்டது என்பதற்காக உட்காருவது மாய்மாலம் ஆகாதா?

ஒலிவநிழல் எழுதியது:

சகோதரரே, மாய்மாலம் என்ற சொல்லை ஆண்டவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். மத்தேயு 6:5-இல் அவர் கண்டிப்பது, மனுஷர் காணும்படி ஜெபஆலயங்களிலும் வீதிகளின் சந்திகளிலும் நின்று ஜெபிப்பவர்களை. நீங்களோ கதவைப் பூட்டிக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில், சுவையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்ப்பதற்கு ஆளே இல்லாத இடத்தில் யாருக்காக நடிக்க முடியும்?

அவிலா தெரேசாவை நினைத்துப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த கார்மேல் சபைத் துறவி. ஜெபத்தைக் குறித்து எழுதியவர்களில் முதல் வரிசையில் வைக்கப்படுகிறவர். தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதும்போது, பல ஆண்டுகள் ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்பதிலேயே தம் கவனம் இருந்தது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். உள்ளே போகும்போதே ஒரு துக்கம் கவிந்துகொள்ளும் என்றும் எழுதுகிறார்.

அதே நூலில் ஜெபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார். முதல் நிலையில் கிணற்றிலிருந்து வாளியால் இறைக்க வேண்டும், கை வலிக்கும். இரண்டாவதில் இறைசக்கரம் உதவும். மூன்றாவதில் ஓடை தானே பாயும். நான்காவதில் மழை பெய்யும். தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை. இதில் எனக்குப் பிடித்த இடம், சில நாட்களில் வாளியை இறக்கினால் கிணறே வறண்டிருக்கும் என்று அவர் சொல்லும் இடம். அப்போதும் தோட்டக்காரன் தன் பங்கைச் செய்துவிட்டான் என்கிறார். தோட்டம் யாருடையதோ அவர் செடிகளைப் பார்த்துக்கொள்வார்.

தனிவழி எழுதியது:

மேலே உள்ளவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

நானும் சில ஆண்டுகளுக்கு முன்பு இதே வழியில் நடந்தவன். ஒரு நாட்குறிப்பில் ஜெபித்த நாட்களுக்கு நேராகக் குறி இட்டுக்கொண்டு வந்தேன். தொடர்ச்சியாக 93 நாட்கள். தொண்ணூற்று நான்காம் நாள் காய்ச்சலில் தவறவிட்டேன். அன்று என்னை வருத்தியது தேவனோடு பேசாமல் போனது அன்று; குறிகளின் வரிசை அறுந்துபோனது. அந்த வரிசையை வைத்துத்தான், ஜெபக்கூட்டத்தில் கொட்டாவி விடுகிற சகோதரர்களை மனத்துக்குள் எடைபோட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் அன்றுதான் புரிந்தது. லூக்கா 18-இல் வரும் பரிசேயனும், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவனும், ஒழுங்குமுறை உள்ளவனே. வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன் என்று கணக்கு ஒப்பிக்கிறான். நீதிமானாக்கப்பட்டுத் திரும்பியவனோ, தூரத்தில் நின்று, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்று ஒரே வரி சொன்ன ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன்.

கிருபையினால் இரட்சிக்கப்பட்டவர்களுக்கு "ஆவிக்குரிய ஒழுக்கம்" என்ற சொல்லே எனக்கு நெருடுகிறது. பிள்ளை தகப்பனிடம் பேசுவதற்கு அட்டவணை எதற்கு? நான் குறி இடுவதை நிறுத்தினேன். நேரம் வைப்பதையும் நிறுத்தினேன்.

பழையமை எழுதியது:

தனிவழி ஐயா குறிப்பேட்டை மூடியது சரி என்றே நினைக்கிறேன். நேரத்தையும் சேர்த்து மூடியதுதான் எனக்கு உடன்பாடில்லை.

தானியேல் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டு ஜெபித்தார். அப்படி ஜெபிப்பதைத் தடுக்கும் உத்தரவுக்குக் கையெழுத்து வைக்கப்பட்டது என்று அறிந்த பின்னும், "முன் செய்துவந்தபடியே" செய்தார் என்று அந்த வசனம் சொல்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் பழக்கத்தின் பலம் தெரிகிறது; ஆபத்து வந்த அன்று அவர் புதிதாக எதையும் தொடங்க வேண்டியிருக்கவில்லை. அப்போஸ்தலர் 3-இல் பேதுருவும் யோவானும் ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகும் ஜெபவேளை என்று ஒன்று அவர்களுக்கு இருந்தது. ஆதித் திருச்சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான டிடாக்கே, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி கூறுகிறது.

சொல்லைப் பற்றியும் ஒன்று. 1 தீமோத்தேயு 4:7-இல் "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று படிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அங்கே உள்ள வினைச்சொல் உடற்பயிற்சிக் கூடத்து வீரர்களுக்கு உரியது. ஆகவே ஒழுக்கம் என்ற சொல் நெருடினால், பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சி செய்கிறவன் தன் தகுதியை நிரூபிக்கப் பயிற்சி செய்வதில்லை. தன்னால் இன்னும் முடியாத ஒன்று முடியும்படி செய்கிறான்.

கிருபையைப் பற்றி யாரைவிடவும் உரக்கப் பேசிய மார்ட்டின் லூத்தர்கூட இதில் கண்டிப்பானவர். 1535-இல் தம் முடிதிருத்துநர் பேதுருவுக்காக, எப்படி ஜெபிப்பது என்று ஒரு சிறு நூல் எழுதினார். காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும். "இன்னும் ஒரு மணி நேரம் கழித்து, முதலில் இதை முடித்துவிட்டு" என்று சொல்லும் எண்ணங்களிடம் ஏமாறாதே என்கிறார். கவனம் சிதறுவதைப் பற்றி அவர் சொல்வது, கேட்கிறவரின் தொழிலிலிருந்தே எடுத்தது: நல்ல முடிதிருத்துநர் கத்தியின் மேலும் மயிரின் மேலும் கண்ணை வைத்திருப்பார், பேச்சில் மயங்கி வேறு பக்கம் பார்த்தால் வாடிக்கையாளரின் மூக்கோ தொண்டையோ அறுபடும். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்வேன், எதை அறிக்கையிடுவேன், எதைக் கேட்பேன் என்று நான்கு இழையாக முறுக்கிச் சொல்லித்தருகிறார். இடையில் ஆவியானவர் ஏதேனும் உணர்த்தினால் திட்டத்தை விட்டுவிட்டு அமைதியாகக் கேள் என்றும் சேர்க்கிறார். அட்டவணைக்கு அடிமையாகாத அட்டவணை என்று இதைச் சொல்லலாம்.

இருகைச்சுமை எழுதியது:

ஐயா, இரண்டு சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த இழையைப் படிக்கிறேன். இருபது நிமிடம் கதவைப் பூட்டுவது என்பது இப்போது என் வாழ்க்கையில் இல்லை. பூட்டினால் கதவைத் தட்டுவார்கள். தட்டாமல் அமைதியாக இருந்தால் இன்னும் பயம். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகர மடம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் தேவசமுகத்தில் இருந்ததாகச் சொல்வதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு இதற்கு மேல் ஏதேனும் உண்டா?

பழையமை எழுதியது:

உண்டு அம்மா. லாரன்ஸைச் சிலர் நேரம் ஒதுக்காமல் இருப்பதற்குச் சாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அவருக்கோ மடத்தின் ஜெபவேளைகளும் இருந்தன, அந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் மனத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டியிருந்தது. உங்கள் நிலை சாக்கு அல்ல, பருவம்.

உங்களுக்கு ஏற்றது 5-ஆம் நூற்றாண்டில் ஜான் காசியன் பதிவுசெய்த வழி. எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் அவர் கற்றது, ஒரே ஒரு வசனத்தை நாள் முழுவதும் வாயிலும் மனத்திலும் வைத்திருப்பது: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" (சங்கீதம் 70:1). ஒரு மூச்சில் முடிந்துவிடும். துணி மடிக்கும்போதும் சொல்லலாம், கோபம் தலைக்கு ஏறும்போதும் சொல்லலாம். கிழக்கத்தியத் திருச்சபைகளில், "தேவகுமாரனாகிய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்ற ஜெபத்தை இதே முறையில் சொல்கிறார்கள். தனிவழி ஐயா குறிப்பிட்ட ஆயக்காரனின் குரல் அதில் கேட்கும்.

மெய்யொளி எழுதியது:

நான் கத்தோலிக்க மரபைச் சேர்ந்தவள். நீங்கள் ஜெபம் என்று எழுதுவதை நாங்கள் செபம் என்று எழுதுவோம் என்பதைத் தவிர, இந்த இழையில் பேசப்படும் வறட்சியில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

இழையைத் தொடங்கியவர் "தொடர்வதா, விடுவதா" என்று கேட்டிருப்பதால், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் "ஆன்மிகப் பயிற்சிகள்" என்ற நூலில் கூறும் இரண்டு அறிவுரைகளை மட்டும் சொல்கிறேன். 1548-இல் அச்சேறியது. இந்தக் கேள்விக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். முதலாவது, மனம் வறண்டு ஆறுதலின்றி இருக்கும் காலத்தில் பழைய தீர்மானத்தை மாற்றாதே. தெளிவாக இருந்த நாளில் எடுத்த முடிவை மங்கலான நாளில் கலைக்கக் கூடாது என்பது அவர் கருத்து. இரண்டாவது இன்னும் கடினமானது: வறட்சியாக இருக்கும் நாளில், குறித்த நேரத்தைவிடச் சற்று அதிகமாகவே இரு. இருபது நிமிடம் என்றால் இருபத்தொரு நிமிடம். நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். அந்தக் கூடுதல் ஒரு நிமிடத்தில் வானம் திறந்ததில்லை. ஆனால் எழுந்து ஓடவேண்டும் என்ற அவசரத்துக்கு நான் அடிமை இல்லை என்று தெரிந்தது.

இன்னொன்றும் கேட்கலாமா? கோபித்துக்கொள்ள வேண்டாம். இஞ்ஞாசியார் வழியில் நாளின் நிகழ்வுகளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்மச் சோதனை ஒன்று உண்டு; எந்த இடத்தில் மனம் கனத்தது என்று அதில் பார்ப்போம். ஏழு மாதம் என்கிறீர்கள். தொடக்கம் நன்றாக இருந்தது என்கிறீர்கள். எப்போது நின்றது?

காலைப்பனி எழுதியது:

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத நான்கு நாட்கள் ஆகிவிட்டன.

ஜெபக்குறிப்புகளுக்காக ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தேவை. மூன்றாவது வரியில் என் நண்பர் ஒருவரின் பெயர் இருக்கிறது, கல்லீரலில் நோய். தினமும் அவருக்காக ஜெபித்தேன். உண்மையைச் சொன்னால், இருபது நிமிடத் தீர்மானம் எடுத்ததே அவருக்காகத்தான். முதல் பதிவில் அதை ஏன் எழுதாமல் விட்டேன் என்று தெரியவில்லை. மூன்றாம் மாத இறுதியில் அவர் இறந்துபோனார்.

பதில் கிடைத்த குறிப்புகளின் மேல் ஒரு கோடு இழுப்பது என் வழக்கம். அந்தப் பெயரின் மேல் கோடு இழுக்க முடியவில்லை. அதற்கு என்ன பொருள் என்றும் தெரியவில்லை. கோடு இழுக்காமல் விட்டதால் ஒவ்வொரு காலையும் அந்த வரிக்கு வரும்போது கண் தாண்டி நான்காவது வரிக்குப் போகிறது. அதற்குப் பிறகு வரும் எதுவும் ஜெபமாக இல்லை.

ஒலிவநிழல் எழுதியது:

கெத்செமனேயில் ஆண்டவர் "அந்த வார்த்தைகளையே சொல்லி மூன்றாந்தரமும் ஜெபம்பண்ணினார்" என்று மத்தேயு எழுதுகிறார். நீங்கும்படி அவர் கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார், முள் நீங்கவில்லை. இதைச் சொல்வதால் உங்கள் துக்கம் குறையும் என்று நான் எண்ணவில்லை. கேட்டது கிடைக்காத ஜெபம் நம் விசுவாசக் குறைவால் தவறிப்போன ஜெபம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதை நம்ப வேண்டாம் என்பதற்காக மட்டுமே எழுதுகிறேன்.

தனிவழி எழுதியது:

சகோதரரே, என் முந்தைய பதிவின் தொனிக்காக வருந்துகிறேன். கணக்குப் புத்தக ஜெபத்தைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் அந்த ரகம் அல்லர். நான் நேரம் வைப்பதை விட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதன் மறுபாதியையும் எழுதுவதே நேர்மை. விட்ட பிறகு, பிள்ளை தகப்பனிடம் பேசுவதுபோல் இயல்பாகப் பேசுவேன் என்று எதிர்பார்த்தேன். மாதக்கணக்கில் பேசவில்லை. உறவு முறிந்துவிடவில்லை, ஆனால் பேச்சு நின்றுபோன வீடாக ஆகிவிட்டது. உங்களுக்கு இருபது நிமிட மௌனமாவது இருக்கிறது.

மெய்யொளி எழுதியது:

சொன்னதற்கு நன்றி. எங்கள் மரபில் இறந்தோருக்காகவும் செபிப்போம். உங்கள் மரபில் அது இல்லை என்று அறிவேன், அதைப் பற்றி இங்கே வாதிட வரவில்லை. ஆனால் அவரைக் கொடுத்ததற்காக நன்றி சொல்வதற்கு இரு மரபிலும் தடை இல்லை. பெயரைக் கேட்டுக்கொள்வதற்கான பக்கத்திலிருந்து நன்றிக்கான பக்கத்துக்கு மாற்றி எழுதலாமே. உடனே அல்ல. முடியும்போது.

பழையமை எழுதியது:

என் பங்குக்கு நடைமுறையாக ஒன்றுதான். கொஞ்ச காலத்துக்கு உங்கள் சொந்த வார்த்தைகளைத் தேடாதீர்கள். இருபது நிமிடத்தை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். தனி ஜெபம் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும் என்று 6-ஆம் நூற்றாண்டிலேயே பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிவைத்தார். அவரே 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்துக்குள் சொல்லி முடிக்கும்படியும் ஒழுங்கு செய்தார் என்பது வேறு விஷயம். அந்த முறையில் ஒரு நன்மை உண்டு: துறவியின் மனநிலை எதுவாக இருந்தாலும், அன்றைக்கு விழும் சங்கீதம் அவன் மனநிலையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. துக்கத்தில் இருப்பவன் துதி சொல்வான். மகிழ்ச்சியில் இருப்பவன் புலம்பல் சொல்வான். இரண்டையும் தனக்காக மட்டும் சொல்லவில்லை என்பது மெல்ல மெல்லப் புரியும்.

நீங்கள் சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. வாய்விட்டு, மெதுவாக, தினமும் அதே சங்கீதம். மனம் ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டிவாருங்கள். ஆன்மிக நூல்கள் எழுதிய ஆயர் பிரான்சிஸ் டி சேல்ஸ் இதைத்தான் சொல்கிறார்: முழு நேரமும் இதயத்தைத் திரும்பக் கொண்டுவருவதிலேயே கழிந்தாலும், அந்த நேரம் நன்றாகவே செலவாயிற்று.

காலைப்பனி எழுதியது (மூன்று வாரங்கள் கழித்து):

அனைவருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேரத்தைப் பன்னிரண்டு நிமிடமாகக் குறைத்தேன். மெய்யொளி அம்மையார் சொன்ன "மாற்றாதே" என்ற விதியை இதில் மீறிவிட்டேன் என்று தெரியும். கூடுதல் ஒரு நிமிடத்தை மட்டும் கடைப்பிடித்துப் பதின்மூன்று ஆக்கியிருக்கிறேன். சங்கீதம் 13-ஐ வாய்விட்டு மூன்று முறை வாசிக்கிறேன்; மீதி நேரம் சும்மா இருக்கிறேன்.

மனம் ஓடுவது நிற்கவில்லை. அந்தக் கடிதம் இரண்டாம் நாளே திரும்ப வந்துவிட்டது. விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. ஐந்தாம் நாள், யாருக்கு எழுதுகிறேனோ அவருடைய பெயரை நோட்டில் கடைசி வரியில் எழுதினேன். வலப்பக்கம் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன். கடிதம் மனத்துக்குள் வரும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி, அடுத்து எதுவும் கேட்காமல் சங்கீதத்துக்குத் திரும்புகிறேன். கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. மூன்றாம் பத்தியை எடுத்துவிட்டேன்.

நண்பரின் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது கண் அதைத் தாண்டிப் போவதில்லை. நின்று, வாசித்து, பிறகு போகிறது.

ஒரு சந்தேகம் மட்டும். அந்தச் சங்கீதத்தில் ஐந்தாம் வசனம் நம்பிக்கை, களிகூருதல் என்று திரும்பிவிடுகிறது. அதை என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. வாய் சொன்னாலும் பொய்போல் இருக்கிறது. நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்படி நிறுத்தலாமா?

பழையமை எழுதியது:

நிறுத்தலாம். சங்கீதம் 88-ஐப் புரட்டிப் பாருங்கள். கடைசி வசனம்வரை அது அந்தத் திருப்பத்துக்கு வருவதே இல்லை, அதையும் ஆலயத்தில் பாடத்தான் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஐந்தாம் வசனத்தை இப்போதைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். காலையில் எத்தனை மணிக்கு உட்காருகிறீர்கள்?

இருகைச்சுமை எழுதியது:

நானும். எனக்கு மணி கேட்காதீர்கள் ஐயா, துணி மடிக்கும்போது.